வயல்காட்டுக் கண்ணுக்கு ஒரு சோதனை அட்டை

கதிர் அறுக்கையில் நெல்லின் சுணை கண்ணில் கீறிவிடும். வாய்க்கால் தண்ணீரில் கண்ணைக் கழுவிக்கொண்டு வேலையைத் தொடர்வார்கள். அகாந்தமீபா என்ற ஒட்டுண்ணி கருவிழிக்குள் புக இவ்வளவு போதும். மேலை நாடுகளில் கான்டாக்ட் லென்ஸ் அணிவோரின் நோயாக அறியப்படும் இது, இந்தியாவில் பெரும்பாலும் சேற்றிலும் தூசியிலும் உழைப்பவர்களையே தாக்குகிறது.

மருந்து பட்டால் இந்த அமீபா, செல்லுலோஸ் கலந்த இரட்டைச் சுவர்க் கூட்டுக்குள் ஒடுங்கிக்கொள்ளும். அதனால் சிகிச்சை மாதக்கணக்கில் இழுக்கிறது. தொடக்கத்திலேயே கண்டறிவதுதான் பார்வையைக் காக்கும் வழி. ஆனால் தொடக்கத்தில் இது ஹெர்பிஸ் புண்ணாகவோ பூஞ்சைப் புண்ணாகவோ தோன்றி மருத்துவரை ஏமாற்றிவிடுகிறது. கருவிழியைச் சுரண்டி நுண்ணோக்கியில் பார்த்துச் சொல்லத் தேர்ந்த கண் வேண்டும்; ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க நாள்கள் ஆகும். இடையில் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விடப்பட்டால் நோய் முற்றிவிடும்.

அமீபாவின் புரதத்தை மட்டும் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருள் கையில் இருந்தால், அதைப் பூசிய ஒரு சோதனை அட்டையில் சுரண்டிய துளியை விட்டே விடை காண முடியும். அந்தக் கூட்டுச் சுவரில் மிகுதியாக உள்ள புரதங்கள் எவை என்பதை பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்டனர். தென் கொரிய ஆய்வகங்களும் இந்த அமீபாவுக்கான எதிர்ப்பொருள்களை உருவாக்கி வருகின்றன. திரியும் அமீபா, கூட்டில் ஒடுங்கிய அமீபா இரண்டையும் அவை பிடிக்க வேண்டும். பூஞ்சையிலும் பாக்டீரியாவிலும் ஒட்டக் கூடாது. நம் நோயாளிகளின் மாதிரிகளில் சோதிக்காமல் இதை உறுதிசெய்ய முடியாது.

மதுரையில் 1994-இல் ஆராயப்பட்ட 434 கருவிழிப் புண்களில், ஆய்வக வளர்ப்பில் கிருமி தெரிந்தவற்றுள் அமீபாவின் பங்கு 1 சதவீதம்தான். இதற்கென ஒரு சோதனையை உருவாக்கப் பணமா என்று கேட்கலாம். மதுரை மாவட்டத்தில் ஆண்டுக்கு லட்சத்தில் 113 பேருக்குக் கருவிழிப் புண் வருவதாக 1996-இல் வெளியான ஆய்வு சொன்னது. அத்தனை பேரிலும் அந்த ஒருவரைப் பிரித்தறியாவிட்டால், பாக்டீரியாவுக்கான மருந்தை விட்டுக்கொண்டே அவர் பார்வையை இழப்பார். எண்ணிக்கை சிறியது என்பதாலேயே தனியார் நிறுவனங்கள் இதில் இறங்கத் தயங்கும். 1970-களில் கண்டறியப்பட்ட இந்த நோய்க்கென ஒரு மருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் ஒப்புதல் தந்ததே 2024-இல்தான்.

எனவே இது அரசின் வேலை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிதி ஒதுக்கி, மதுரை அரவிந்த், ஹைதராபாத் எல்.வி.பிரசாத் போன்ற கண் மருத்துவமனைகளை இதில் இணைக்க வேண்டும். தேறி வரும் சோதனை அட்டை மாவட்ட அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க வேண்டும். மருந்துச் சீட்டின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பதைத் தடுக்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. அதை இன்றே செய்யலாம்.