"ரிக்கார்டு இருக்கிறது, அப்பா!"

கல்லூரியில் படிக்கும் பிள்ளை இருக்கிற வீடுகளில் இப்போது காலை வேளையில் ஒரு புது நாடகம் நடக்கிறது. மேடை, வீட்டுக் கூடம். பாத்திரங்கள், அப்பாவும் பிள்ளையும். அம்மா சமையலறையிலிருந்து குரல் மட்டும் கொடுப்பாள்.

"ஏண்டா, மணி எட்டரை ஆகிறதே! காலேஜுக்குக் கிளம்பவில்லையா?"

"முதல் இரண்டு மணி நேரமும் வெறும் லெக்சர்தான், அப்பா. ரிக்கார்டு பண்ணிப் போட்டுவிடுவார்கள். சாயங்காலம் பார்த்துக் கொள்கிறேன்."

"ரிக்கார்டா? பீஸை மட்டும் நிஜப் பணமாகத்தானே வாங்கிக் கொண்டார்கள்!"

"தோசை ஆறுகிறது. சண்டையைச் சாப்பிட்டுவிட்டுப் போடுங்கள்" என்கிறது சமையலறைக் குரல்.

இந்த வழக்கில் அம்மாவின் தீர்ப்புத்தான் சரி என்பதில் சந்தேகமில்லை. ஆனாலும், தோசை ஆன பிறகு வழக்கை நாம் கொஞ்சம் விசாரித்துத்தான் ஆகவேண்டும். ஏனென்றால் இருவர் கட்சியிலும் நியாயம் இருக்கிறது.

முதலில் பிள்ளையின் கட்சி. வகுப்பில் புரொபஸர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். ரிக்கார்டிலோ, புரியாத இடத்தில் நிறுத்தலாம்; பின்னுக்குத் தள்ளி நாலு தடவை கேட்கலாம். தமிழில் படித்துவிட்டு வந்து, ஆங்கிலப் பேச்சின் வேகத்தில் திணறும் மாணவனுக்கு இது எவ்வளவு பெரிய உபகாரம்! காய்ச்சலில் படுத்தவனுக்கும், காது சரியாகக் கேளாமல் எழுத்தைப் படித்துப் புரிந்து கொள்கிறவனுக்கும் அப்படியே. கெட்டிக்காரப் பிள்ளைகள் ரிக்கார்டைத் துரித காலத்தில் ஓட்டுகிறார்கள். லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தார் 2021-ல் வெளியிட்ட ஆராய்ச்சி ஒன்றில், இரண்டு மடங்கு வேகம் வரையில் ஓட்டிப் பார்த்தவர்களுக்கும் பாடம் அதிகமாகக் குறையவில்லை என்று தெரிந்தது. அதற்கு மேல் போனால்தான் கோளாறு!

கல்லூரிக்கு வரவே முடியாதவர்களின் கதை இன்னும் முக்கியம். இங்கிலாந்தில் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-ல் முதல் மாணவர்களைச் சேர்த்துக் கொண்டபோது, பி.பி.சி. டெலிவிஷனிலும் ரேடியோவிலும் பாடங்கள் ஒலிபரப்பாயின. வேலைக்குப் போகிறவர்களும் குழந்தை குட்டிகளோடு இருக்கும் தாய்மார்களும் அகால வேளையில் கண் விழித்துப் பட்டம் வாங்கினார்கள். நம் நாட்டில் 2003-ல் ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகமும் சேர்ந்து தொடங்கிய 'என்.பி.டி.இ.எல்.' திட்டத்தால், ஐ.ஐ.டி. வாசலையே பார்த்திராத பிள்ளைகள்கூட அதன் ஆசிரியர்களின் பாடங்களைச் செலவில்லாமல் கேட்கிறார்கள். இவர்களிடம் போய் "நேரில் கேட்பது போல ஆகுமா?" என்று கேட்பது, கஞ்சிக்கு வழி தேடுகிறவனிடம் விருந்தின் பெருமையைப் பேசுவது போலாகும்.

ஆகவே, வரமுடியாதவர்களுக்கு ரிக்கார்டு ஒரு வரப்பிரசாதம். நம் வழக்கு அவர்களைப் பற்றியது அல்ல. வரமுடிந்தும் வராமல், போர்வைக்குள்ளிருந்து "சாயங்காலம் பார்த்துக் கொள்கிறேன்" என்கிறாரே, அந்த ஆசாமியைப் பற்றியது!

அந்தச் சாயங்காலம் வருகிறதா என்பதுதான் கேள்வி. சாயங்காலம் ஒரு சிநேகிதன் வருகிறான்; மறுநாள் ஒரு கிரிக்கெட் பந்தயம் வருகிறது; அதற்கு மறுநாள் பழைய பாக்கியோடு புதுப் பாக்கியும் சேர்கிறது. கடன்காரன் கதைதான். பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது நாற்பது மணி நேர ரிக்கார்டு மலைபோல் நிற்கிறது. அப்போது எத்தனை துரித காலத்தில் ஓட்டினாலும் மலை நகராது. வகுப்பு என்பது ரயில் வண்டி மாதிரி. குறித்த நேரத்தில் கிளம்பிவிடும் என்பதனாலேயே நாம் எழுந்து ஓடுகிறோம். ரிக்கார்டு எப்போதும் காத்திருக்கும். அதன் பெருமையும் அதுதான், அதன் ஆபத்தும் அதுதான்.

வகுப்புக்கு ஒழுங்காக வருவதையும் மார்க்கையும் பற்றி அதுவரை நடந்த பல ஆராய்ச்சிகளைத் திரட்டி, 2010-ல் அமெரிக்காவில் மூன்று பேர் ஒரு கட்டுரை எழுதினார்கள். மாணவனின் பழைய பள்ளிக்கூட மார்க்கைவிட, அவன் வகுப்புக்கு வருகிறானா என்பதுதான் கல்லூரி மார்க்கை அதிகமாகக் காட்டிக் கொடுக்கிறது என்று கண்டார்கள். இதைக் கேட்டு அப்பா ரொம்பவும் மீசையை முறுக்க வேண்டியதில்லை. சிரத்தையுள்ள பிள்ளைதான் வகுப்புக்கும் வருவான் அல்லவா? சும்மா வந்து பெஞ்சியைத் தேய்த்தால் மார்க் வந்துவிடும் என்று அதற்கு அர்த்தமில்லை.

இன்னொரு சமாசாரம் அப்பா, பிள்ளை இருவரையுமே திடுக்கிட வைக்கும். ஹார்வர்டில் 2019-ல் வெளியான பரிசோதனை அது. பௌதிக மாணவர்களில் ஒரு சாராருக்கு வெகு சரளமான பிரசங்கம். மறு சாராரைக் கூட்டம் கூட்டமாக உட்கார்த்திக் கணக்குப் போடவும் விவாதிக்கவும் விட்டார்கள். பிரசங்கம் கேட்டவர்கள், "ஆகா, நிறையக் கற்றுக் கொண்டோம்!" என்றார்கள். பரீட்சையிலோ, தலையைப் பிய்த்துக் கொண்டு கணக்குப் போட்டவர்கள்தாம் முந்தினார்கள்! ஆற்றங்கரையில் உட்கார்ந்து நீச்சலைப் பார்த்தால் நமக்கும் நீந்தத் தெரிந்து விட்டதுபோலத்தான் இருக்கும். தண்ணீரில் இறங்கினால்தான் குட்டு வெளிப்படும். ரிக்கார்டு பார்க்கிறவன் மட்டுமல்ல, வகுப்பில் வாயைப் பிளந்து உட்கார்ந்திருப்பவனும் கரையில்தான் இருக்கிறான்.

அப்படியானால் வகுப்பில் என்னதான் இருக்கிறது? ரிச்சர்டு ஃபைன்மனைக் கேட்கலாம். கலிபோர்னியாவிலுள்ள கால்டெக் என்ற ஸ்தாபனத்தில், 1961 முதல் 1963 வரையில், இளம் மாணவர்களுக்கு அவர் நடத்திய பௌதிகப் பாடங்களை ஒலிநாடாவில் பிடித்தார்கள். கரும்பலகையைப் புகைப்படம் எடுத்தார்கள். அவை மூன்று பெரிய புத்தகங்களாகி உலகமெல்லாம் பரவின. ஆனால் அந்தப் புத்தகத்தின் முன்னுரையிலேயே அவர் ஒரு குறையைச் சொல்லியிருக்கிறார். பாடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று மாணவர்களிடமிருந்து தமக்குத் திரும்பி வர வழியில்லாமல் இருந்தது என்றும், நல்ல ஆசிரியரும் மாணவரும் நேருக்கு நேர் பேசிப் பழகுவதே சிறந்த கல்வி என்றும் எழுதினார். உலகத்திலேயே புகழ்பெற்ற ரிக்கார்டுகளில் ஒன்றுக்கு உடையவரின் அபிப்பிராயம் இது!

திரும்பி வருவது என்றால் என்ன? ஆசிரியர் ஒரு வரி சொல்கிறார். மூன்றாவது பெஞ்சியில் ஒரு முகம் சுருங்குகிறது. அதைப் பார்த்துவிட்டு வேறொரு உதாரணம் சொல்கிறார். ரிக்கார்டு யார் முகத்தையும் பார்ப்பதில்லை. 2020-ல் கொரோனாவுக்காகக் கல்லூரிகளை மூடியபோது, பெயர் மட்டும் எழுதிய கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் நடத்திய ஆசிரியர்களுக்கு இது நன்றாகத் தெரியும். "புரிகிறதா?" என்று கேட்டால், கிணற்றுக்குள் கல் போட்டதுபோல ஒரு சத்தம்கூட வராது!

நேரில் கேட்பது எப்படி என்பதை உலகத்துக்குக் காட்டியவர் மைக்கேல் ஃபாரடே. லண்டனில் புத்தகம் பைண்டு செய்யும் தொழில் பழகிக் கொண்டிருந்த ஏழைப் பையன். 1812-ல், கடைக்கு வருகிற ஒருவர் தந்த டிக்கெட்டைக் கொண்டு, ராயல் இன்ஸ்டிட்யூஷனில் ஹம்ஃப்ரி டேவியின் பிரசங்கங்களைக் கேட்கப் போனார். கேட்டுவிட்டுக் கையைத் தட்டிவிட்டு வரவில்லை. அங்கே எடுத்த குறிப்புகளை வீட்டில் விரித்து எழுதினார், படங்களும் போட்டார், தம் கையாலேயே பைண்டு செய்து டேவிக்கு அனுப்பினார். 1813-ல் அந்த ஸ்தாபனத்திலேயே உதவியாளர் வேலை கிடைத்தது. 1831-ல் அவர் கண்டுபிடித்த மின்காந்தத் தூண்டலால்தான் மின்நிலையங்களில் ஜெனரேட்டர்கள் சுழல்கின்றன. நம் பிள்ளை போர்வைக்குள் ரிக்கார்டு ஓட்டுவதற்கு மின்சாரம் வருவதே, ஒரு பையன் நேரில் போய்ப் பாடம் கேட்ட புண்ணியம் என்றுகூடச் சொல்லலாம்!

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அச்சு யந்திரம் இல்லாத காலத்தில் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் புத்தகத்தை வாசிப்பார், மாணவர்கள் எழுதிக் கொள்வார்கள். 'லெக்சர்' என்ற சொல்லுக்கே மூலத்தில் வாசிப்பது என்றுதான் அர்த்தம். அச்சு வந்து ஐந்நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் பழுப்பேறிய நோட்டை வாசிக்கிற புரொபஸர் இருந்தால், பிள்ளை ரிக்கார்டைத் தேடுவதில் தப்பில்லை. சிகாகோவில் நம் சந்திரசேகரைப் பற்றிச் சொல்வார்கள்: 1940-களில், வானாராய்ச்சி நிலையத்திலிருந்து போக வர நூறு மைலுக்கு மேல் கார் ஓட்டிப்போய்ப் பாடம் நடத்தினாராம். வகுப்பில் பெயர் கொடுத்திருந்தவர்கள் இரண்டே பேர், லீயும் யாங்கும்! அந்த இருவரும் 1957-ல் நோபல் பரிசு பெற்றார்கள். குருநாதருக்கு 1983-ல்தான் கிடைத்தது.

தீர்ப்பு இதுதான். வகுப்பு முதல் காபி, ரிக்கார்டு இரண்டாம் காபி. முதல் டிகாக்ஷனையே போடாமல் இரண்டாம் டிகாக்ஷன் கேட்பது நியாயமில்லை. பிள்ளை வகுப்புக்குப் போகட்டும், கையால் குறிப்பெடுக்கட்டும், வாரத்துக்கு ஒரு கேள்வியாவது எழுந்து கேட்கட்டும், புரியாத பத்து நிமிஷத்தை மட்டும் அன்றைக்கே ரிக்கார்டில் பார்க்கட்டும். கல்லூரிகள் எழுபத்தைந்து சதவிகித வருகையைக் கணக்குப் பார்ப்பதோடு நின்றால், 'பிராக்ஸி' கொடுக்கும் வித்தைதான் வளரும். வந்தவனுக்கு வீட்டில் கிடைக்காத ஏதோ ஒன்று வகுப்பில் கிடைக்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சென்னை ஐ.ஐ.டி. 2020-ல் தொடங்கிய டேட்டா சயன்ஸ் பட்டப் படிப்பில் பாடமெல்லாம் ரிக்கார்டில் வருகிறது. ஆனால் பரீட்சையை மட்டும் நேரில் வந்துதான் எழுத வேண்டும். பாடத்தை யார் வேண்டுமானாலும் ரிக்கார்டில் போடலாம். படித்தவன் மட்டும் நேரில் வந்துதான் தீரவேண்டும், அப்பனே!