ஈர்க்குச்சியில் ஒரு பூகம்பம்

பூகம்பம் என்றால் ஜப்பானில் வரும், இமயமலை அடிவாரத்தில் வரும். திருச்சிக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். 2002-ல் வெளியான பூகம்ப வரைபடத்தில் திருச்சி இரண்டாம் மண்டலத்தில் இருந்தது. அந்தப் படத்தில் அபாயம் மிகக் குறைந்த மண்டலம் அதுவே. அப்படியானால் முதல் மண்டலம் எங்கே போயிற்று? அங்கேதான் விஷயம் இருக்கிறது. 1993 செப்டம்பர் 30-ந் தேதி விடியற்காலையில், மகாராஷ்டிரத்தில் லாத்தூருக்குப் பக்கத்தில் கில்லாரி என்ற கிராமத்தைச் சுற்றிப் பூமி குலுங்கியது. மண் பூசிய கனத்த கல் சுவர்கள் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் சரிந்து, பல ஆயிரம் பேர் மாண்டார்கள். அந்த இடம் அப்போது முதல் மண்டலத்தில் இருந்தது! பிறகு வந்த படத்தில் முதல் மண்டலத்தையே எடுத்துவிட்டார்கள்.

ஆகையால் பயப்பட வேண்டாம், தெரிந்துகொள்ளலாம். சென்னைத் தரமணியில் உள்ள கட்டடப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் இதற்கென்றே குலுங்கும் மேடை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் மனைப்பலகை இருக்கிறதல்லவா? அது போதும். லீவு நாளில் குழந்தைகளையும், தெருவில் டியூஷனுக்கு வரும் பிள்ளைகளையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள்.

முதலில் அலை. பத்துப் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, முன்னால் இருப்பவன் தோளைப் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசிப் பையனை லேசாகத் தள்ளினால், அந்தத் தள்ளல் முதல் பையன் வரை ஓடும். பூமிக்குள் முந்தி வருவது இந்தத் 'தள்ளு அலை'. கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் கட்டி, மறு முனையைப் பக்கவாட்டில் உதறினால் பாம்பு மாதிரி நெளிகிறதே, அது பிந்தி வரும் 'உதறல் அலை'. வீடுகளை வருத்துவதில் இதன் பங்குதான் ஜாஸ்தி. 1900 பிப்ரவரி 8-ந் தேதி கோயமுத்தூர்ப் பக்கம் உண்டான பூகம்பம் தென்னாட்டில் வெகு தூரம் தெரிந்தது. அங்கிருந்து திருச்சி சுமார் 200 கிலோமீட்டர். முதல் அலை விநாடிக்கு 6 கிலோமீட்டரும், இரண்டாவது மூன்றரையும் போகும் என்று வைத்துக்கொண்டால், எது எப்போது திருச்சியைத் தொடும்? கணக்கைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள். அரை நிமிஷம், ஒரு நிமிஷம் என்று விடை வந்தால் சரி.

இனி வீடு. விளக்குமாற்றிலிருந்து மூன்று ஈர்க்குச்சிகளை உருவி, ஒரு சாண், ஒன்றரைச் சாண், இரண்டு சாண் என்று நறுக்குங்கள். மனைப்பலகையில் களிமண்ணை அப்பி அவற்றை நட்டு, ஒவ்வொன்றின் தலையிலும் சுண்டைக்காய் அளவு களிமண் உருண்டை வையுங்கள். பலகையை மெதுவாக முன்னும் பின்னும் ஆட்டினால் நெட்டைக் குச்சி கூத்தாடும். குட்டை சும்மா நிற்கும். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போங்கள். நெட்டையின் ஆட்டம் அடங்கிவிடும். குட்டை நடுங்க ஆரம்பிக்கும்! ஒவ்வொரு கட்டடத்துக்கும் அதற்கே உரிய தாளம் உண்டு. மாடிக்குப் பத்தில் ஒரு விநாடி என்பது குத்துமதிப்பான கணக்கு. பூமியின் தாளமும் கட்டடத்தின் தாளமும் ஒத்துப் போனால்தான் ஆபத்து. ஊஞ்சலைச் சமயம் பார்த்துத் தள்ளுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1985 செப்டம்பர் 19-ந் தேதி மெக்ஸிகோ நகரத்தில் நடந்தது இதுதான். பூகம்பம் பிறந்தது 350 கிலோமீட்டருக்கு அப்பால். ஆனால் நகரத்தின் பெரும்பகுதி பழைய ஏரிப் படுகையில் கட்டியது. அந்த மெத்தென்ற சேறு சுமார் இரண்டு விநாடிக்கு ஒரு தரம் என்று நிதானமாக, பலமாக ஆடியது. தாழ்ந்த வீடுகள் பல தப்பின. ஆறு முதல் பதினைந்து மாடி வரை இருந்த கட்டடங்கள்தான் அதிகமாக அடிபட்டன.

மலைக்கோட்டை உச்சியில் நின்று வடக்கே பாருங்கள். காலடியில் 273 அடி உயரமுள்ள ஒரே பாறை. காவேரிக்கு அக்கரையில், கொள்ளிடத்துக்கு இப்பால், இரண்டு ஆறுகளும் கொண்டுவந்து கொட்டிய மணலிலும் வண்டலிலும் ஸ்ரீரங்கம். ஊர் ஒன்றுபோலத்தான்; அஸ்திவாரம் இரண்டு. கடற்பாசியில் ஜெல்லி செய்து ஒரு தட்டில் உறையவிட்டு, அதைப் பலகைமேல் வையுங்கள். ஜெல்லிமேல் ஒரு தீப்பெட்டி, வெறும் பலகைமேல் ஒரு தீப்பெட்டி. பலகையை ஒரு தட்டுத் தட்டினால், பாறையின் பெட்டி உடனே அடங்கிவிடும்; ஜெல்லியின் பெட்டி ஆடிக்கொண்டே இருக்கும். உண்மையான மண் ஜெல்லி அல்ல என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.

மணலுக்கு இன்னொரு குணம் உண்டு. பேசினில் ஆற்று மணலைத் தளர்வாகப் போட்டு, மேல்மட்டம் வரை தண்ணீர் விட்டு, அரைச் செங்கல்லை நிறுத்தி, பேசினின் பக்கத்தைத் தட்டிக்கொண்டே இருங்கள். மணல் குழம்பாகிச் செங்கல் சாய்ந்து அமிழும். 1964 ஜூன் 16-ந் தேதி ஜப்பானில் நீகாட்டா நகரத்தில் அடுக்குமாடி வீடுகள் உடையாமல், அப்படியே முழுசாகச் சாய்ந்தன.

கடைசிச் சோதனை பெரியவர்களுக்கு. மூன்று தீப்பெட்டிகளை ஒட்டி அடுக்கி, நாலு ஈர்க்குத் துண்டுகள்மேல் நிறுத்துங்கள். இன்னொரு அடுக்கைத் தரையோடு ஒட்டுங்கள். ஆட்டினால் எது விழுகிறது? இன்று ஸ்ரீரங்கத்துத் தெருக்களில் திண்ணை வைத்த வீடுகள் இருந்த மனைகளில் எழும்பும் பிளாட்டுகள் பல, கீழே கார் நிற்கத் தூண்களும் மேலே சுவர்களுமாக நிற்கின்றன. 2001 ஜனவரி 26-ந் தேதி கட்ச் பூகம்பத்தில், 200 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த ஆமதாபாத்தில் இப்படித் தூண்மேல் நின்ற அடுக்குமாடிகள் பல நொறுங்கின. தூண்களின் மேல் கட்டுவதே தப்பு என்று நான் சொல்லவில்லை. தூண்களுக்கு நடுவே சில இடங்களிலாவது கான்கிரீட் சுவர் வேண்டும், கம்பி கட்டுவதில் கணக்கு வேண்டும்.

பிளாட் பார்க்கப் போகும் நாம் சமையலறை எந்த மூலை, பூஜை அலமாரி எந்தத் திசை, தரை மார்பிளா டைல்ஸா என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கிறோம். அந்தத் தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று கேட்பதில்லை. மண் பரிசோதனை செய்தீர்களா, எத்தனை அடி ஆழம் துளைத்துப் பார்த்தீர்கள், பூகம்பத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்ட இன்ஜினீயர் யார், அவர் கையெழுத்துப் போட்ட காகிதம் எங்கே? முன்பணம் கொடுப்பதற்கு முந்தின நாள் இதைக் கேளுங்கள். மறுநாள் கேட்டால் கிடைக்கிற மரியாதை வேறு.