வாரிசு விதி இல்லாத அரண்மனை

2014 பிப்ரவரியில் துருக்கியின் புர்சா நகரில் உள்ள ஒரு பழைய கல்லறையை நாடி மக்கள் திரண்டு சென்றனர். தந்தையின் ஆணையால் 1553-இல் கழுத்து நெரித்துக் கொல்லப்பட்ட இளவரசர் முஸ்தபா அங்கே அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். நானூற்று அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய அந்த மரணத்தை நேற்று நிகழ்ந்த துக்கமாக மாற்றியது ஒரு தொலைக்காட்சித் தொடர். 'மகத்தான நூற்றாண்டு' எனப் பொருள்படும் பெயருடைய அத்தொடர், 2011 ஜனவரி முதல் 2014 ஜூன் வரை 139 பகுதிகளாக ஒளிபரப்பாகி, பல நாடுகளுக்கும் சென்றது.

உதுமானியப் பேரரசை 1520 முதல் 1566 வரை ஆண்ட சுல்தான் சுலைமானின் அரண்மனையே அதன் களம். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அடிமையாகக் கொண்டுவரப்பட்டு, பின்னர் சுல்தானின் மனைவியான ஹுர்ரமே அதன் நாயகி. தன் மகன் அரியணை ஏற வேண்டும் என்பதற்காக அவர் நடத்தும் சூழ்ச்சிகளே கதையை நகர்த்துகின்றன.

தொடர் தொடங்கியவுடனேயே அந்நாட்டின் ஒளிபரப்பு ஒழுங்காற்று அமைப்புக்கு எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட புகார்கள் வந்தன. 2012 நவம்பரில், அப்போது பிரதமராக இருந்த எர்டோகன் தொடரை வெளிப்படையாகச் சாடினார். தம் வாழ்வின் முப்பது ஆண்டுகளைக் குதிரை முதுகில் கழித்தவர் சுலைமான் என்பதும், தொடர் காட்டும் அரண்மனைவாசியைத் தாங்கள் அறியோம் என்பதும் அவர் வாதத்தின் சாரம். துருக்கி ஏர்லைன்ஸ் தன் விமானங்களில் அத்தொடரைக் காட்டுவதை நிறுத்திக்கொண்டது.

ஒரு தரப்புக்கு அந்தப்புரம். மறு தரப்புக்குப் போர்க்களம். இரண்டு தரப்பும் எதிரெதிராகத் தோன்றினாலும், ஒன்றில் உடன்படுகின்றன. தனிமனிதரின் குணமே வரலாற்றை நடத்துகிறது என்று இரண்டும் நம்புகின்றன. அந்த அரண்மனையின் உண்மை வரலாறோ, மனிதர்களின் குணத்தைவிட அவர்களைக் கட்டிவைத்திருந்த விதிகளைப் பற்றியே அதிகம் பேசுகிறது.

உதுமானியரிடம் மூத்த மகனுக்கே பட்டம் என்ற நெறி இருக்கவில்லை. சுல்தானின் மகன்கள் அனைவருக்கும் சம உரிமை உண்டு. தலைநகரையும் கருவூலத்தையும் படையின் ஆதரவையும் முதலில் கைப்பற்றுபவரே சுல்தான். 1402-இல் அங்காரா போரில் தைமூரிடம் முதலாம் பாயசீத் தோற்றதும், அவருடைய மகன்கள் பதினோரு ஆண்டுகள் தமக்குள் போரிட்டு அரசையே சிதறடித்தனர். அந்த அனுபவத்துக்குப் பின், அரியணை ஏறுபவர் உலக ஒழுங்கின் பொருட்டுத் தம் சகோதரர்களைக் கொல்லலாம் என்று இரண்டாம் மெஹ்மதின் சட்டத் தொகுப்பு அனுமதித்தது. சொத்து பிரியக்கூடாது என்பதற்காக வாரிசுகளையே குறைக்கும் ஏற்பாடு அது.

இந்த விதியின் வெளிச்சத்தில் ஹுர்ரமைப் பார்க்க வேண்டும். அவருக்கு முன், ஆண்மகவு பெற்ற அரண்மனைப் பெண் மேலும் மகன்களைப் பெறுவதில்லை. மகன் மாகாண ஆளுநராகச் செல்லும்போது தாயும் உடன் செல்வார். ஹுர்ரமை சுலைமான் முறைப்படி மணந்தார். அவர் ஐந்து மகன்களைப் பெற்றுத் தலைநகரிலேயே தங்கினார். மூத்தவரான முஸ்தபாவோ வேறொரு பெண்ணின், மஹிதேவ்ரானின், மகன். முஸ்தபா சுல்தானானால் ஹுர்ரமின் மகன்கள் பிழைக்க வழியில்லை; ஹுர்ரமின் மகன் சுல்தானானால் முஸ்தபா பிழைக்க வழியில்லை. தொடர் இதனை இரு பெண்களின் பொறாமையாகக் காட்டுகிறது. இரு தாய்மாருமே தம் பிள்ளைகளின் உயிரைக் காக்க வேண்டிய நிலையில் நிறுத்தப்பட்டிருந்தனர் என்பதே நிலவரம்.

முஸ்தபாவைக் கொல்ல சுல்தானுக்கு மனைவியின் தூண்டுதல் தேவைப்பட்டிருக்குமா என்பதே ஐயத்துக்குரியது. சுலைமானின் தந்தை முதலாம் செலீம், ஜானிசரி எனப்படும் காலாட்படையின் துணையோடு 1512-இல் தம் தந்தையையே பதவியிலிருந்து இறக்கியவர். 1553-இல் சுலைமான் அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். முஸ்தபாவோ அதே ஜானிசரிகளின் அன்புக்குரியவர். தாத்தாவுக்கு நேர்ந்தது தமக்கும் நேரலாம் என்று சுல்தான் அஞ்சுவதற்குக் குடும்ப வரலாறே போதுமான காரணம்.

1558-இல் ஹுர்ரம் இறந்தார். சூழ்ச்சிக்காரி என்று தூற்றப்பட்டவர் மறைந்த பின்பு அரண்மனையில் அமைதி நிலவியிருக்க வேண்டும் அல்லவா? மறு ஆண்டே அவர் பெற்ற மகன்களான செலீமும் பாயசீதும் கோன்யா அருகே போரிட்டனர். தோற்ற பாயசீத் ஈரானில் அடைக்கலம் புகுந்தார். இஸ்தான்புல்லிலிருந்து பெரும் பொன் கைமாறிய பின், அவரும் அவருடைய மகன்களும் அங்கேயே கொல்லப்பட்டனர். மாற்றாந்தாய் இல்லை, சக்களத்தி இல்லை. ஆயினும் கொலை நின்றபாடில்லை. விதி மாறாதிருந்ததே அதற்குக் காரணம்.

அப்படியானால் பழி ஹுர்ரம் மீது எவ்வாறு விழுந்தது? முஸ்தபா கொல்லப்பட்டதும் படையினரின் சினத்தைத் தணிக்க, ஹுர்ரமின் மருமகனான தலைமை அமைச்சர் ருஸ்தம் பாஷா பதவி நீக்கப்பட்டார். கவிஞர் யஹ்யா தம் இரங்கற்பாவில் அவரையே குற்றவாளியாக்கினார். (இரண்டு ஆண்டுகளில் ருஸ்தம் அதே பதவிக்குத் திரும்பிவிட்டார் என்பது வேறு கதை.) அந்தப்புரத்துக்குள் காலடி வைக்க இயலாத ஐரோப்பியத் தூதர்கள் செவிவழிச் செய்திகளை எழுதியனுப்பினர், மேற்குலகின் நாடகங்களுக்கு அவையே மூலப்பொருளாயின. மன்னனைக் குறைகூற இயலாத நாட்டில் பழி அமைச்சரையும் மனைவியையும் தேடிச் செல்வது இயல்பு.

ஹுர்ரம் விட்டுச் சென்ற சான்றுகள் வேறு விதமானவை. 1552-இல் ஜெருசலேமில் அவர் நிறுவிய வக்ஃபு, பாலஸ்தீனக் கிராமங்களின் வருவாயைக் கொண்டு ஏழைகளுக்கும் பயணிகளுக்கும் நாள்தோறும் உணவளித்தது. எந்தக் கிராமத்தின் விளைச்சலில் என்ன பங்கு, எந்த நாளில் என்ன உணவு என்பன ஆவணங்களில் பதிவாகியுள்ளன. இந்த நிர்வாகியைத் தொடரில் காண்பது அரிது.

குதிரை முதுகுச் சுல்தானுக்கும் இதே கதிதான். போர்களுக்குப் பின்னால் இருந்தவை கணக்கேடுகள். கிராமம் கிராமமாகக் குடும்பங்களையும் விளைச்சலையும் எண்ணிப் பதிந்து, அந்த வரி வருவாயைக் குதிரைவீரர்களுக்கு ஊதியத்துக்குப் பதிலாக ஒதுக்கும் முறை நடைமுறையில் இருந்தது. வீரத்தின் எல்லையையும் பொருளாதாரமே வகுத்தது. 1529 மே மாதத்தில் இஸ்தான்புல்லிலிருந்து புறப்பட்ட படை, மழையில் கனமான பீரங்கிகளை வழியில் விட்டுவிட்டு, செப்டம்பர் இறுதியில்தான் வியன்னாவை அடைந்தது. குளிர்காலத்துக்கு அஞ்சி அக்டோபர் நடுவில் திரும்பியது. ஐரோப்பியர் 'மகத்தானவர்' என்றழைத்த சுலைமானை அவர் மக்கள் நினைவுகூர்ந்தது 'கானூனி', அதாவது சட்டம் தந்தவர் என்றே. ஆயினும் அரியணை யாருக்கு என்ற ஒரு கேள்விக்கு மட்டும் அவரும் சட்டம் தரவில்லை.

அதன் விலையை அடுத்த தலைமுறைகள் செலுத்தின. 1566-இல் பட்டமேற்ற இரண்டாம் செலீமைப் பதவியேற்பு வெகுமதி கேட்டு ஜானிசரிகள் வழிமறித்தனர். 1595-இல் மூன்றாம் மெஹ்மத் தம் சகோதரர்கள் பத்தொன்பது பேரைக் கொன்றார். 1603-இல் முதலாம் அஹ்மத் தம் தம்பியை உயிரோடு விட்டார். 1617-இல் அத்தம்பியே சுல்தானானார். மெல்ல மெல்லக் குடும்பத்தில் மூத்தவருக்கே பட்டம் என்ற வழக்கம் வேரூன்றியது. ஆனால் அரண்மனைக்குள் அடைபட்டு வளர்ந்த இளவரசர்களுக்கு ஆட்சி அனுபவம் வாய்க்கவில்லை. எந்த விதிக்கும் ஒரு விலை உண்டு. பொருளியல் கற்பிக்கும் முதல் பாடமும் அதுவே.

இதற்கிடையில் துருக்கி அரசும் ஒரு பாடம் கற்றது. கதையைக் கண்டிப்பதைக் காட்டிலும் கதையைத் தானே சொல்வது மேல் என்பதே அது. 2014 முதல் அரசுத் தொலைக்காட்சி, பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்துக்ருலைப் பற்றி நீண்ட தொடரை ஒளிபரப்பியது. 2020-இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கானின் பரிந்துரையோடு உருது மொழியில் அது அங்கும் சென்றது. எர்துக்ருலின் வாழ்க்கை குறித்துச் சமகாலச் சான்றுகள் அநேகமாக இல்லை. சான்றில்லாத இடத்தில் மறுப்பும் எழாது. விரும்பிய வீரரை விரும்பியவாறு படைக்கலாம்.

வரலாற்றுத் தொடர்களைத் தடுக்க வேண்டியதில்லை. கற்பனைக்கு இடமுண்டு, முஸ்தபாவுக்காகக் கண்ணீர் விட்டவர்களின் துயரமும் பொய்யன்று. ஆனால் அந்தக் கண்ணீர் ஒரு பெண்ணின் மீதான வெறுப்பாக மட்டுமே முடிந்துபோனால், முஸ்தபாவைக் கொன்ற ஏற்பாடு தப்பித்துக்கொள்கிறது. பேரரசானாலும் கட்சியானாலும் குடும்பத் தொழிலானாலும், தலைமை எவ்வாறு கைமாறும் என்பதற்குத் தெளிவான விதி இல்லாத இடத்தில் சூழ்ச்சிக்குப் பஞ்சமிராது. சூழ்ச்சி செய்தவர் யார் என்று கேட்பதோடு, அதற்கு இடமளித்த விதி எது என்றும் கேட்கப் பழக வேண்டும்.