மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகள்

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள்? எண்ணெய்க் குளியல், மட்டன், மத்தியானத் தூக்கம். அமெரிக்காவில் எஃப்.என்.கோல் என்று ஒரு கணக்குப் புரொபசர், ஒரே ஒரு நம்பருக்காக மூன்று வருஷ ஞாயிற்றுக்கிழமைகளைத் தாரை வார்த்தார்.

அந்த நம்பர்: 147573952589676412927. ஒன்றை 67 தடவை இரட்டித்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் வரும். வாயால் சொன்னால் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி. சில்லறையை விட்டுவிடுங்கள்.

1644-ல் மெர்சென் என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இதைப் பகா எண் என்று எழுதிவைத்தார். அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதனாலும் வகுபடாது. சாமியார் சொன்னால் மறுபேச்சு ஏது? 1876-ல்தான் லூகாஸ் என்பவர், 'வகுபடும் ஸார்' என்று நிரூபித்தார். எதனால் வகுபடும் என்றால், தெரியாது! வீட்டுக்குள் திருடன் இருப்பது நிச்சயம், எந்த ரூமில் என்பதுதான் தெரியவில்லை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கணித சங்கக் கூட்டம். கோல் எழுந்துபோய், கரும்பலகையில் அந்த 21 இலக்க எண்ணைக் கையாலேயே கணக்கிட்டு எழுதினார். பக்கத்தில் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். அதே விடை. வந்து உட்கார்ந்துவிட்டார். வாயே திறக்கவில்லை, ஒரே கைதட்டல் என்கிறார் இ.டி.பெல். ஞாயிற்றுக்கிழமை விஷயத்தை அவரிடம் சொன்னதும் கோல்தானாம். (எங்கள் ஆபீஸ் மீட்டிங்கில் இப்படி யாராவது வாயே திறக்காமல் உட்கார்ந்தால் நானும் கைதட்டுவேன்.)

கோல் கண்ணை மூடிக்கொண்டு தேடவில்லை. இந்த எண்ணை வகுக்கக்கூடிய எதையும் 134-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அப்படிப்பட்ட எண்களை வரிசையாகப் பார்த்தாலும், 193707721-க்கு 14 லட்சத்து 45 ஆயிரத்து 580-வது இடம். மேலும் மேலும் சலித்துத்தான் பிடித்தார்.

பெருக்க அரைமணி, பிரிக்க மூன்று வருஷம். இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் 1977-ல் ரிவெஸ்ட், ஷமிர், ஏடல்மன் மூவரும் ஒரு பூட்டு செய்தார்கள். இன்டர்நெட்டில் பணம் அனுப்பும்போது பல இடங்களில் காவல் நிற்பது அந்த வகைப் பூட்டு. எண் மட்டும் பெரிசு, 617 இலக்கம். கோலின் எண்ணைக் கம்ப்யூட்டர் இன்று கண் சிமிட்டுவதற்குள் உடைத்துவிடும். 617 இலக்கத்தைச் சுலபமாக உடைக்கும் வழியை எவனாவது கண்டுபிடித்தால், முதலில் பாஸ்புக்கைப் பாருங்கள்.

போன ஞாயிறு நானும் பேப்பரில் பெருக்கினேன். மூன்று தடவை, மூன்று விடை. சரிபார்க்க ஒரு குறுக்கு வழி உண்டு. இலக்கங்களைக் கூட்டிக் கூட்டி ஒற்றை இலக்கமாக்கினால் இரண்டு எண்ணுக்குமே 1 வரும், விடைக்கும் 1 வரவேண்டும். எனக்கு 4, 7, மறுபடி 4.

"நாலு ரூபா கொத்தமல்லிக்குக் கணக்கு தப்பா சொல்ற ஆளு!" என்றாள் மனைவி.

நாலாவது தடவை 1 வந்தது. விடை மட்டும் வேறு.