காசு வருமுன் பென்சில்

ஜெய்சல்மேரில் விற்கிற கொப்பி ஒன்று சில நாளாக என் மேசையில் கிடக்கிறது. கனடாவிலிருந்து ராஜஸ்தான் பார்க்கப் போன பெறாமகள் வாங்கி அனுப்பியது. மணல்நிற மட்டை. உள்ளே ஒரு பக்கம் எழுதுவதற்கு வெறுந்தாள், எதிர்ப்பக்கம் ஊரின் சித்திரம்: கோட்டை மதில், கல்லில் கொத்திய மாடங்கள், கமைச்சா வாசிக்கிற தலைப்பாகைக்காரர். எழுத மனம் வரவில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

அதிகம் நின்று பார்த்தது நத்மல் மாளிகை வரைந்த பக்கம். 1885இல் அந்தச் சமஸ்தானத்துத் திவானுக்காகக் கட்டிய வீடு. ஹாத்தி, லாலு என்ற அண்ணன் தம்பி இருவர் வலப்பக்கம் ஒருவர், இடப்பக்கம் ஒருவர் என்று பிரித்துக்கொண்டு கொத்தினார்கள் என்பது அங்கே வழங்கும் கதை. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்று. கிட்டப் போனால் ஒரு பக்கத்துப் பூ மறுபக்கத்தில் இல்லை. கொப்பிக்குப் படம் வரைந்தவர் கெட்டிக்காரர். இரு பக்கத்து ஜன்னலையும் அருகருகே வைத்து, வித்தியாசம் பிடிக்கிற வேலையை எங்களிடம் விட்டுவிட்டார்.

1156இல் தோன்றிய அந்த ஊர் ஒட்டக வணிகத்தில் கொழித்த ஊர். பம்பாய்த் துறைமுகம் தலையெடுத்ததும் அந்த வணிகம் தேய்ந்தது. 1947இல் சிந்துப் பக்கத்துப் பாதையும் எல்லைக்கோட்டோடு அடைபட்டது. செல்வம் போனபிறகு பழைய வீட்டை இடித்துப் புதுவீடு கட்ட அங்கே எத்தனை பேருக்குக் கை நீண்டிருக்கும்? கலையை மதித்துக் காப்பாற்றினார்கள் என்பது பாதி உண்மை. வறுமையும் காவல் இருந்தது என்பது மறுபாதி என்றே எனக்குப் படுகிறது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊரான இணுவிலில் கதை தலைகீழ். போர் இடித்தது போக மிஞ்சியதை வெளிநாட்டுக் காசு இடிக்கிறது. குறை சொல்லவில்லை. ஓடு ஒழுகும், வளை கறையான் அரிக்கும், வயதான தாய் தகப்பன் ஏணி வைத்து ஏற முடியாது. பிள்ளைகள் அனுப்பிய காசில் தட்டு வீடு எழுவது நியாயம்தான். ஆனால் வீட்டோடு சேர்ந்து சங்கடப்படலையும் போகிறது. படலைக்கு மேலே சின்னதாய் ஒரு கூரை, இரண்டு பக்கமும் குந்தியிருக்கத் திண்ணை, வழிப்போக்கனுக்குத் தண்ணீர்ப்பானை. வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குகிறவன் யாரென்று கேளாத இடம் அது. அந்த இடத்தில் இன்று உருட்டித் திறக்கிற இரும்புக் கேற், பக்கத்தில் கமரா.

எங்கள் ஊருக்கும் ஒரு சித்திரக் கொப்பி போட்டால் என்னென்ன வரும் என்று யோசித்தேன். முதற்பக்கம் சந்தேகமில்லாமல் கந்தசுவாமி கோயிலில் தேர்போல இழுக்கிற மஞ்சம். பெரிய சன்னியாசியார் முன்னின்று செய்வித்தது. தைப்பூசத்துக்கு அது வெளியே வரும்போது நாங்கள் எல்லோரும் அண்ணாந்து முருகனைப் பார்ப்போம், கும்பிடுவோம், வடத்துக்கு இடிபடுவோம். தட்டுத் தட்டாக ஏறுகிற மரவேலையை நின்று பார்த்தவர் எத்தனை பேர்? அடுத்தது துலாக்கிணறு. பிறகு புகையிலைக்குப் புகை போடுகிற குடில், கோயில் வாகனங்கள். பிறகு தவில். தவில் மேதை தெட்சணாமூர்த்தி பிறந்த ஊரின் கொப்பியில் அது இல்லாமல் முடியுமா? வாசிக்கிற கோலத்தை மட்டும் வரைந்தால் போதாது. பலாமரம் குடைந்த கட்டை, வார் இழுத்த விதம், இடக்கைக் கம்பு, வலக்கை விரலுக்குப் போடுகிற கூடு எல்லாம் தனித்தனியே வேண்டும். நாதத்தைத் தாளில் பிடிக்க முடியாது. அது பிறந்த கருவியைப் பிடிக்கலாம்.

இப்படி ஒன்று யாழ்ப்பாணத்தில் நடக்காமலும் இல்லை. 2011இல் ஓவியர் தா. சனாதனன் ஒரு புத்தகம் கொண்டுவந்தார். ஒல்லாந்தர் காலத்துக் காணிப்பதிவேடான தோம்பின் பெயரைத் தாங்கியது. போரில் வீடிழந்தவர்கள் தங்கள் வீட்டின் படத்தை நினைவிலிருந்தே கீறிக் கொடுத்தார்கள். கிணறு எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எந்த மூலையில் என்று. கட்டடக்கலைஞரின் வரைபடமும் சனாதனனின் ஓவியமும் அதனோடு சேர்ந்தன. அவர்கள் கீறியபோது கண்முன்னே வீடு இல்லை. எங்களுக்கோ மஞ்சமும் துலாவும் மிஞ்சிய படலைகளும் இன்னும் கண்முன்னே நிற்கின்றன. நாங்கள்தான் கீறவில்லை.

போனில் படம் எடுக்கலாமே என்பார்கள். எடுக்கிறோம்தானே, பூசத்தன்று எடுக்காத கை இல்லை. ஆனால் மஞ்சத்துச் சில்லை ஒரு பிள்ளை கீறிப்பார்க்கட்டும். அதில் எத்தனை பாகம் என்று எண்ண வேண்டிவரும். அச்சு ஏன் இவ்வளவு தடிப்பு, எந்த மரத்தை எதோடு பொருத்தினார்கள், ஆணி எங்கே, முளை எங்கே என்று கேட்க வேண்டிவரும். பதில் தெரிந்த ஆசாரியாரைத் தேடிப் போகவும் வேண்டிவரும். சித்திரப் பாடத்தில் பூச்சாடியும் கிராமத்துக் காட்சியும் கீறி அலுத்த பிள்ளைகளுக்கு இது நல்ல வேலை.

வழுவழுத்த தாள் வேண்டாம், சி.ஆர். கொப்பி போதும். உல்லாசப் பயணிக்கு விற்கவும் வேண்டாம். ஒரு பக்கத்தில் சித்திரம். எதிர்ப்பக்கத்தில் அளவு, மரம், செய்தவர், உறுப்புகளின் பெயர். ஒரு பிரதி வாசிகசாலையில், ஒன்று கோயிலில், ஒன்று பள்ளிக்கூடத்தில். இவ்வளவுதான் செலவு. வீடு இடிக்கப் போகிறவரிடமும், கோயில் வேலைக்குக் காசு சேர்த்து வைத்திருப்பவரிடமும் எனக்கு ஒரே விண்ணப்பம்: பக்கத்து வீட்டுப் பிள்ளை கீறி முடிக்குமட்டும் பொறுங்கள். ஜேசிபிக்காரர் ஒரு கிழமை பிந்தி வந்தால் யாருக்கும் குடி முழுகிவிடாது.