அஞ்ச வேண்டியது எதற்கு?

பேட்மேன் கதையின் கொடியவனைத் தலைவனாக்கி 2019இல் வெளிவந்த 'ஜோக்கர்' திரைப்படம் வன்முறையைத் தூண்டும் என்றனர் அமெரிக்கத் திறனாய்வாளர் சிலர். 2012இல் கொலராடோவில் பேட்மேன் படம் ஓடிய அரங்கில் 12 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஆகவே அவ்வச்சம் இயல்பே. ஆயினும் அவர்கள் எண்ணிப் பாராதது ஒன்றுண்டு. நிதியைக் குறைத்து, ஏழை மனநோயாளிகளின் ஆலோசனை நிலையத்தை நகரம் மூடிவிடுகிறது. ஆர்தருக்கு மருந்து கிடைக்கும் வழி அடைபடுகிறது. நூறு கோடி டாலருக்கு மேல் ஈட்டித் தந்த மக்கள் கொலைக்குக் கைதட்டினர் என்பது அவதூறு. பலர் உள்ளத்தைத் தொட்டது கைவிடப்பட்டவனின் துயரே. கொலைக்கு மன்னிப்பில்லை, கைவிட்டவர்க்கும் இல்லை. அன்பர்களே! திரையில் தோன்றும் பித்தனைக் கண்டு நடுங்குவோர், தம் ஊரில் மருத்துவமனைக் கதவு மூடப்படும்போது வாளாவிருப்பது ஏன்?