வண்டியூர் ஆத்தாளும் நியூக்ளியோசைடும்

வண்டியூர் தெப்பக்குளத்தங்கரையில் மாரியம்மன் கோவில் இருப்பது மதுரைச் சீமையில் யாவரும் அறிந்த விஷயமே. இந்தப் பக்கத்தில் இன்றைக்கும் பல வீடுகளில் உடம்பில் கொப்புளம் கண்டால், "ஆத்தா வந்திருக்கிறாள், மருந்து கொடுத்தால் கோபித்துக்கொள்வாள்" என்று சொல்லி, டாக்டர் வீட்டுப் பக்கமே போகாமல் இருந்து விடுகின்றார்கள். வேப்பிலையோடும் இளநீரோடும் நமக்குச் சண்டையில்லை. நோயாளியைத் தனியே படுக்க வைப்பதும் நல்லதே. "மருந்து கூடாது" என்கின்ற வார்த்தையோடுதான் நமக்குச் சண்டை.

வந்திருப்பது யார் என்று பார்ப்போம். சின்னம்மை ஒரு வைரசினால் உண்டாவது. நம் உயிரணுக்களுக்குள் புகுந்து தன்னைப்போல் நகல் எடுப்பதே அதன் தொழில். அதற்கு வேண்டிய சரக்குதான் நியூக்ளியோசைடு. ஒரு சர்க்கரையும் ஒரு காரமும் சேர்ந்த சிறு பொருள் அது. அதில் பாஸ்பேட் ஒட்டிக்கொண்டால் மணிமணியாகக் கோத்து மாலையாகின்றது. அம்மாலைதான் டி.என்.ஏ. முகத்தில் பிறந்ததாகச் சொல்லிக்கொள்ளுகின்றவனுக்கும், காலில் பிறந்ததாகச் சொல்லப்படுகின்றவனுக்கும், கோவிலுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டுக்கும், இந்த வைரசுக்கும் மாலையில் உள்ள மணிகள் அதே நான்கு வகைதான்!

1988-ல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவரான கெர்ட்ரூட் எலியன் அம்மையாரும் அவரது கூட்டாளிகளும் இந்த இடத்தில்தான் கைவைத்தார்கள். அவர்கள் கண்ட அசைக்ளோவிர் என்னும் மருந்து, பார்வைக்கு நியூக்ளியோசைடு போலவே இருக்கும். ஆனால் அதன் சர்க்கரை அரைகுறையானது. அடுத்த மணியைக் கோக்கக் கொக்கி இல்லாதது. வைரஸ் ஏமாந்து, தன் நொதியாலேயே அதற்கு பாஸ்பேட்டை ஒட்டி மாலைக்குத் தயார் செய்கின்றது. அது மாலையில் ஏறியதும் மாலை அத்தோடு நின்றுபோகின்றது. நோயில்லாத உயிரணுக்களில் வைரசின் நொதி இல்லாததால் அவற்றுக்கு அதிகத் தீங்கில்லை.

ஆனால் கொப்புளம் கண்ட ஒரு நாளைக்குள் தொடங்கினால்தான் இம்மருந்தின் பலன் நன்றாகக் கிடைக்கும். அந்த ஒரு நாளைத்தான் நம் ஜனங்கள் தீர்த்தத்திலும் நேர்த்திக்கடனிலும் கழித்து விடுகின்றார்கள். திடமான குழந்தைக்கு நோய் தானே இறங்கிவிடும். அது ஆத்தாள் கருணையாம்! பெரியவர்களுக்கு நுரையீரலைத் தாக்கி உயிரைக் கொண்டுபோனாலோ, கர்ப்பிணிக்கும் பிறந்த சிசுவுக்கும் ஆபத்து வந்தாலோ, அது வீட்டார் செய்த தெய்வக் குற்றமாம்! இந்த வியாபாரத்தில் ஆத்தாளுக்கு நஷ்டமே கிடையாது.

நிற்க, பெரியம்மை எங்கே போயிற்று? அம்மை குத்திக் குத்தியே அதை ஒழித்தார்கள். 1980-ல் அது உலகத்திலேயே இல்லையென்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அதற்காக ஆத்தாள் யாரையாவது கோபித்துக்கொண்டாளா? கோவில் இருக்கின்றது, திருவிழா நடக்கின்றது, பெரியம்மை மாத்திரம் இல்லை.

ஆகவே, கும்பிடத்தான் வேண்டும் என்கின்றவர்கள் கும்பிடட்டும். ஆனால் முதல் நாளே டாக்டரிடம் காட்டிவிட்டுக் கும்பிடட்டும் என்றுதான் நாம் சொல்லுகின்றோம்.